வெண்கலப் பருந்தின் இரட்டைப்படை இதழ்கள்

1

டமால்.

இப்படி ஒரு சத்தத்தோடு கதையைத் தொடங்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்தேழு வருடங்களாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன் நான். என் கதைகளில் கண்ணாடி உடையும், கதவு தட்டப்படும், அதற்குக் கீழே 'தொடரும்' என்று போட்டுவிட்டு நான் காபி குடிக்கப் போய்விடுவேன். இந்தச் சத்தம் என் கற்பனை அல்ல. காரைக்குடி செக்காலையில் உள்ள என் வீட்டு இரும்புக் கேட்டில் ஒரு ஸ்கூட்டர் நிஜமாகவே வந்து மோதியது. திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி.

ஓட்டி வந்த பெண் விழவில்லை. கால் வைக்கும் இடத்தில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரேக் போட்டதில் வந்த வினை. கேட்டுக்கு என்ன ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. பையைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

“தொடர்கதை எழுதுறவுக வீடு இதுதானே?”

ஆமாம் என்றேன்.

“நடுவுல விட்டுப்போன கதையையும் எழுதுவீகளா?”

இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது. நானாக யோசித்துப் பிடித்தது எதுவும் இதில் இல்லை. யோசித்துப் பிடித்த இடங்கள் எல்லாம் தப்பாகப் போயின. அவற்றையும் அழிக்காமல் காட்டுகிறேன்.

அவர் பெயர் சுபா. கல்லுக்கட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கார்த்திகேய சிவத்தின் மனைவி. பையில் இருந்தவை காமிக்ஸ் புத்தகங்கள். 'வெண்கலப் பருந்து' என்ற வெளிநாட்டுச் சூப்பர் ஹீரோவின் கதை, தமிழில். மொத்தம் நாற்பது இதழ். ஒரு சிறிய பதிப்பகம், முன்பதிவு செய்த ஐந்நூறு பேருக்கு மட்டும் அச்சடித்தது. மறுபதிப்பு கிடையாது. பையில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்கள் மட்டும் இருந்தன. இரட்டைப்படை எண்கள் எல்லாம் அவர் கணவரின் அண்ணன் முத்துக்கருப்பனிடம், அமராவதிபுதூரில்.

நான்கு வருடங்களாக கார்த்திகேய சிவம் இந்த இருபதையே திரும்பத் திரும்பப் படிக்கிறாராம். தினம் ஒன்று, கடையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். அன்றைக்குப் பதினேழாம் இதழைக் கொண்டுபோயிருந்ததால் பையில் பத்தொன்பதுதான் இருந்தன.

இப்போது என்ன அவசரம்? அண்ணன் வங்கி மேலாளர். புவனேஸ்வரத்துக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார். அதற்கு முன் தன் பங்குப் புத்தகங்களை நாச்சியாபுரத்துப் பூர்வீக வீட்டில், தன் பங்கு அறைக்குள் வைத்துப் பூட்டப் போகிறார். அந்தப் பூட்டு மறுபடி எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கரையானுக்குச் சாவி தேவையில்லை.

“முன்னாடி நடந்ததும் பின்னாடி நடந்ததும் இதுல இருக்கு சார். நடுவுல உள்ளதை நீங்க எழுதிக் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள.”

அறுந்துபோன பொத்தானைத் தைத்துத் தரச் சொல்கிற தோரணையில் சொன்னார். அண்ணன் வீட்டில் கேட்டு வாங்கிப் படித்தால் என்ன, ஏதாவது சண்டையா என்று கேட்டேன்.

“சண்டைன்னா சமாதானம் பேசிரலாம். இது சண்டையே இல்லை.”

பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட் இன்னும் சரியாக மூடவில்லை.

3

இரண்டாம் பகுதியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அச்சகத்தில் யாரும் தொலைக்கவில்லை. திங்கட்கிழமை என்னிடம் அது இல்லை, அவ்வளவுதான். ஒன்று முடிந்ததும் மூன்று என்றுதான் சுபாவின் பை எனக்குக் கதை சொன்னது. உங்களுக்கும் அதே வரிசையில் தருகிறேன். இரண்டு கிடைத்ததும், கிடைத்த இடத்தில் வைக்கிறேன்.

எனக்குச் சூப்பர் ஹீரோக்கள் மேல் மரியாதை இருந்ததில்லை. என் தொடர்களில் வீரன் என்றால் பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுப்பவன். ஆகாயத்தில் பறக்கிறவனைப் பற்றி ஐம்பத்து மூன்று வயதில் என்ன படிப்பது? சாப்பாட்டுக்கு முன் பத்து, பின் ஒன்பது என்று கணக்கு வைத்துக்கொண்டு முதல் இதழைத் திறந்தேன்.

முதல் மூன்று பக்கங்களில் ஒரு வார்த்தை இல்லை. விடியற்காலைத் துறைமுகம், மேலேயிருந்து பார்க்கிறோம். அடுத்த கட்டத்தில் கொஞ்சம் இறங்குகிறோம். கூரைகள், காயும் துணிகள், ஒரு பூனை. இன்னும் இறங்கினால் ஒரு ஜன்னல். உள்ளே மேசை. மேசையில் திறந்து கிடக்கும் கடிகாரம். கடைசிக் கட்டத்தில், கடுகளவு திருகாணியை இடுக்கியில் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள். இறங்க இறங்கக் கட்டங்களும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. கடைசிக் கட்டம் தபால்தலை அளவு. அதைப் பார்க்க நானும் மூச்சை அடக்கிக் குனிந்தேன். டோபின் என்கிற அந்தக் கடிகாரக்காரன் எவ்வளவு நிதானமானவன் என்பதை ஓவியர் என் கழுத்துக்கும் முதுகுக்கும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மூன்று பக்கத்தைக் கொடுத்திருந்தால் அதற்குள் இரண்டு பேரைக் கொன்றிருப்பேன்.

அந்த டோபினுக்குத்தான் வெண்கல இறக்கைகள் வாய்க்கின்றன. மற்ற வீரர்கள் பறக்கும்போது லேசாகிவிடுவார்கள். இவனுக்கு ஒவ்வொரு முறையும் தோள் புண்ணாகிறது. பறந்து வந்து இறங்கினால் வெண்கலம் காய்ந்த தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. ஓவியர் ரொம்ப நேரம் இறக்கையை முழுசாகக் காட்டுவதே இல்லை. ஒரு நுனி, ஒரு ஓரம், சுவரில் விழும் நிழல். ஒன்பதாம் இதழில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் புத்தகத்தையே திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம், நெட்டுக்குத்தாக. கோடு போட்ட கட்டத்துக்குள் அடங்காமல் இறக்கைகள் வெளியே வந்து, தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. இதற்கு மேல் தாள் இல்லை, மிச்சத்தை நீயே விரித்துக்கொள் என்று ஓவியர் விட்டுவிட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் அதைப் பார்த்தேன்.

பிறகு நிறம். முதல் இதழில் புதுக் குத்துவிளக்காக மின்னும் இறக்கை, கடல் காற்றுப் பட்டு இதழுக்கு இதழ் பச்சை பாய்கிறது. இதைச் சுபாவிடம் தொலைபேசியில் சிலாகித்தேன். வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் களிம்பு ஏறத்தானே செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்டார்.

(சத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்த்தவர் இறக்கைச் சத்தத்துக்குப் 'படபட' போடவில்லை. 'ணங்ங்ங்' என்று போட்டிருக்கிறார். எழுத்துகள் பெரிதாகத் தொடங்கி, பக்கத்தின் ஓரம் போகப் போக மெலிந்து காணாமல் போகின்றன. தட்டிய பாத்திரத்தின் அதிர்வு அடங்குகிற மாதிரியே. அவர் யாரென்று தெரிந்தால் ஒரு சால்வை போர்த்தலாம்.)

இன்னொன்றும் கற்றேன். ஒரு கட்டத்தில் கோப்பை மேசை விளிம்பில் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் தரையில் சில்லுகள். கோப்பை விழுந்ததை யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே அரை விரல்கடை வெள்ளை இடம், அவ்வளவுதான். அங்கே கோப்பையைக் கீழே போட்டது நான்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சாப்பிட்டேன். பிறகு சுபா சொல்லியிருந்தபடி அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாற்பது அட்டைகளும் சேர்ந்தால் அந்தத் துறைமுக நகரம் முழுவதும் ஒரே படமாக வருமாம். என் தரையில் ஒன்று விட்டு ஒன்று ஓட்டையாக வந்தது. ஒரு பாலம் புறப்பட்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை. பதினோராம் அட்டையில் ஒரு கை நீண்டிருந்தது; எதைப் பிடிக்க என்பது பன்னிரண்டில் இருக்கிறது.

4

செவ்வாய்க்கிழமை முழுக்க எழுதினேன்.

முதல் இதழின் முடிவில் டோபின் புயலுக்குள் பறக்கிறான். மூன்றாம் இதழ் தொடங்கும்போது சிறையில் இருக்கிறான், ஒரு இறக்கை இல்லை (ஒன்பதாம் இதழுக்குள் அது திரும்ப வந்துவிடுகிறது). நடுவில் என்ன நடந்தது? அவன் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் எலினா, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். எனக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. எழுதினேன்:

எலினா தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் காவல்துறை. அவள் உதட்டில் ஒரு வஞ்சகப் புன்னகை—

(இந்தப் புன்னகையை நான் இதுவரை பதினான்கு பெண்களுக்குக் கொடுத்திருக்கிறேன். இருக்கட்டும்.)

அவளுக்கு ஏன் அவன் மேல் கோபம் என்றால், சின்ன வயதில் அவளுடைய—

(காரணம் அப்புறம்.)

நான்காம் இதழில் எலினா இரண்டாம் முறை காட்டிக்கொடுத்தாள். ஆறாவதில் மூன்றாம் முறை. கை தானாக ஓடியது. மூன்று துரோகத்தை ஒரே மதியத்தில் முடித்துவிட்டு, சரிபார்க்க ஐந்தாம் இதழை எடுத்தேன். அங்கே எலினா சிறைக்குச் சூப் கொண்டு வருகிறாள். அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது.

மூன்று கட்டங்களில் அந்தக் கட்டு வருகிறது. துணியின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கிறது. இவ்வளவு பொறுமையாக ஒருவர் துணியைச் சுற்றினால் அதற்குள் ஏதோ இருக்கிறது. என் துரோகி தொலைபேசியைத்தான் எடுத்தாள். தொலைபேசி யார் கையையும் கிழிக்காது.

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அண்ணன் வீட்டிலிருந்து செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது அல்லவா? அதுவும் நடந்திருக்கிறது. இரண்டு மருமகள்களும் பேசிக்கொள்கிறவர்கள்தான். போன வருடம் அண்ணன் மனைவி தேனம்மை இரண்டாம் இதழில் ஒரு பக்கத்தை எடுத்துச் சுபாவுக்கு அனுப்பியிருக்கிறார். கணவரிடம் நீட்டியதற்கு, ஜன்னல் கம்பி வழியாத் தேர் பார்க்கச் சொல்றியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

எலினாவின் கை என்னைத் தூங்க விடவில்லை என்று எழுதலாம். நன்றாகத் தூங்கினேன். ஆனால் புதன்கிழமை காலை எழுந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு அமராவதிபுதூருக்குக் கிளம்பினேன்.

5

தேனம்மை ஆச்சி கதவைத் திறந்தார் (எங்கள் பக்கம் கல்யாணமான பெண் எந்த வயதிலும் ஆச்சிதான்). பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. காமிக்ஸ் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்று பொய் சொன்னேன். முத்துக்கருப்பன் கையில் ஒட்டும் டேப்போடு வந்தார். நாற்பது, நாற்பத்தொன்று வயது. வங்கி மேலாளர் என்றால் நம்பலாம். என்னை ஒரு விண்ணப்பத்தைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

கட்டப்படாத சாமான் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஸ்டூலின் மேல் அடுக்கி, டர்க்கி டவல் போர்த்தி, இருபது புத்தகங்கள். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். கழுவினேன். துடைத்தேனா என்று பார்த்துவிட்டு இரண்டாம் இதழைத் தந்தார்.

புயல். துறைமுகத்தின் மதகு உடைப்பெடுக்கிறது. கீழ்த் தெருக்களில் ஜனங்கள் உறங்குகிறார்கள். மதகின் கதவை மூடி நிறுத்த ஒரு குறுக்குக் கட்டை வேண்டும்; அந்தத் தண்ணீர் வேகத்துக்கு எந்த மரமும் தாங்காது. டோபினிடம் இருப்பது இறக்கைதான். அதைத் தானே கழற்ற அவன் கை எட்டாது. எலினாவிடம் கேட்கிறான். பறந்து வந்த வெண்கலம் கொதிக்கிறது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள். ஏழு கட்டங்கள், ஏழிலும் கைகள் மட்டும். முகத்தைக் காட்டவே இல்லை. இறக்கை மதகுக்குக் குறுக்கே விழுகிறது, தெரு பிழைக்கிறது, விடிந்ததும் மதகை உடைத்தவன் என்று டோபினைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எலினா உண்மையைக் கத்துகிறாள். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் வாயருகே பேச்சுக் குமிழி இருக்கிறது. உள்ளே எழுத்தே இல்லை.

புத்தகத்தை மூடிவிட்டு என் எலினாவின் வஞ்சகப் புன்னகையை நினைத்தேன். விட்டுப்போன இடம் கிடைத்ததும் நான் முதலில் அதில் வைத்தது ஒரு துரோகத்தை. எழுதச் சுலபமாக இருந்தது, வேறு காரணமில்லை.

“அஞ்சுல அந்தப் பிள்ளைக்குக் கை ஆறிருச்சா?” என்று கேட்டார் முத்துக்கருப்பன்.

கட்டுப் போட்டிருக்கிறது, சூப் கொண்டு வருகிறாள் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒற்றைப்படை எண்கள் இந்த ஊர்ப்பக்கம் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. யார் அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை. டேப்பைக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்தார். ஏழில் என்ன என்றார். சொன்னேன். அவர் எட்டைச் சொன்னார். ஆச்சி இரண்டு முறை காபி கொண்டுவந்து, இரண்டு முறையும் ஆறிய டம்ளரைத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஒன்பதாம் இதழின் பெரிய படம் பற்றிச் சொன்னபோது மட்டும் இடைமறித்தார். அதை நான் உட்கார்ந்து பார்த்தேனா, நின்று பார்த்தேனா என்று கேட்டார். நின்று என்றேன்.

“அவன் படுத்துக்கிட்டுத்தான் படிப்பான்.”

இரண்டு மணி நேரத்தில் தம்பியைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

2

இதோ. வியாழக்கிழமை கல்லுக்கட்டியில் கிடைத்தது.

கார்த்திகேய சிவத்தின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தில் பொடித் திருகாணியை மாட்டிக்கொண்டிருந்தார். பை காணாமல் போனது திங்கட்கிழமையே தெரியுமாம். சுபா எடுத்துப் போனால் ஒரு காரணம் இருக்கும் என்று கேட்கவில்லையாம். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று எனக்குப் புரியத் தொடங்கியது.

அவர் சொன்னது இது. அப்பச்சி, அதாவது அவர்கள் அப்பா, காலமான மறு வருடம் நாச்சியாபுரத்து வீட்டில் பங்கு வைத்தார்கள். முன்னே நின்று நடத்தியவர் சித்தப்பா அழகுசுந்தரம். அந்த வீட்டில் பங்குக்கு இரண்டு விதிகள். ஒன்று, இளையவன்தான் முதலில் கை நீட்ட வேண்டும், பிறகு மூத்தவன், இப்படியே மாறி மாறி. மற்றது, எடுத்து முடிகிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு வந்தால் பிணக்கு வரும்.

அண்டா, தாம்பாளம், ஊறுகாய் ஜாடி, சுவர்க் கடிகாரம் என்று காலையில் தொடங்கி மதியம் வரை இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனது. கடைசியில் ஒரு அட்டைப்பெட்டி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து முன்பதிவு செய்து, இரண்டு வாரத்துக்கு முன்புதான் வந்து சேர்ந்த நாற்பது இதழ்கள். பங்கு வேலை முடியட்டும், நிம்மதியாகப் படிக்கலாம் என்று மை வாசனையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு அது கதை என்று தெரியாது. ஒரே அளவில் நாற்பது உருப்படி. ஜமுக்காளத்தில் வரிசையாகப் பரப்பச் சொல்லிவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன் சார். அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாக, மிச்சத்தையும் என் பக்கம் தள்ளி விட்டுருவாகன்னு நெனச்சேன். சின்னதுல இருந்து எதுலயும் அப்படித்தான்.”

அண்ணன் குனிந்து இரண்டாம் இதழை எடுத்தார்.

தம்பிக்குச் சுருக்கென்றது. மூன்றை எடுத்தார். அண்ணன் நான்கை எடுத்தார். நாற்பது முறை கை நீண்டது. ஒரு வார்த்தை இல்லை. (நாற்பது கட்டங்கள். ஓவியர் இதை வரைந்திருந்தால் கைகளை மட்டும்தான் வரைந்திருப்பார்.)

அதற்குப் பிறகு கல்யாணம் காட்சியில் பார்த்தால் வாங்க என்பார்கள், சாப்பிட்டீகளா என்பார்கள். அவ்வளவோடு நான்கு வருடம்.

இரண்டாம் இதழில் மதகில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கார்த்திகேய சிவம் கையை உயர்த்தி நிறுத்தினார். “சொல்லாதீக. அது கண்ணால பாக்க வேண்டியது.” சரி, வாருங்கள், என்னோடு அமராவதிபுதூருக்கு வந்து பாருங்கள், ஞாயிறு வரைதான் அங்கே இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் அந்தத் திருகாணியையே திருகிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா ரெண்டு பேருக்குமே கதை கிடையாதுன்னு அண்ணனுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதானே ரெண்டை எடுத்தாக. அது ஏன்னு தெரியாம, என்ன மூஞ்சியோட அங்குட்டுப் போய் நிக்கிறது?”

6

வெள்ளிக்கிழமை. இந்த இடத்தில் ஒரு தொடர்கதை எழுத்தாளன் வில்லனைத் தேடுவான். நானும் தேடினேன். சித்தப்பா அழகுசுந்தரம் வசதியாக இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் பிரித்து வைக்கத் திட்டமிட்டு அவர் அன்று—

(இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினேன். எழுபத்து நான்கு வயது. காமிக்ஸ் என்றதும் எந்தக் காமிக்ஸ் என்றார். விளக்கினேன். 'சரிசமமாத்தானேப்பா வச்சேன்' என்றார். இவரை வில்லனாக்கினால் எனக்குச் சோறு இறங்காது.)

ஆகவே வில்லன் இல்லாமல் முடிவுகள்.

முடிவு ஒன்று. ஞாயிறு காலை, நாச்சியாபுரத்து வீட்டு வளவு முற்றம். அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கத்திலிருந்தும் அட்டைகளை அடுக்கிக்கொண்டே வருகிறார்கள். பாலம் போய்ச் சேருகிறது. நீண்ட கை எதையோ பிடிக்கிறது. நாற்பது அட்டையும் சேர்ந்து நகரம் முழுசாகத் தெரியும்போது தேனம்மை ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வாசகர் கடிதங்கள் குவியும். ஆனால் இவ்வளவு சரியாகப் பொருந்துவதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது.

முடிவு இரண்டு. அண்ணனின் கார் ஆறு மணிக்குக் கிளம்புகிறது. தம்பியின் வண்டி ஆறு ஐந்துக்கு வந்து சேர்கிறது. இதற்குக் கீழே என்ன வார்த்தை போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் போட்டாயிற்று.

முடிவு மூன்று. சுபா கேட்டபடி இருபது இதழ்களையும் நானே எழுதிக் கொடுக்கிறேன். கார்த்திகேய சிவம் படிக்கிறார், எங்கேயோ இடிக்கிறதே என்கிறார். இடிக்கும். எலினாவின் கையை நான் பார்த்துவிட்டேன். இனிமேல் என்னால் அந்த இடத்தில் எதையும் எழுத முடியாது. என் மூன்று துரோகங்களையும் கிழித்தாயிற்று.

எழுதிப் பார்த்ததும்தான் மூன்றின் குறையும் ஒன்றே என்று தெரிந்தது. ஜமுக்காளத்தின் முன்னே தம்பி ஒன்றை எடுக்கிறார்: அது ஒரு கட்டம். அண்ணன் இரண்டை எடுக்கிறார்: அடுத்த கட்டம். நடுவில் இருக்கிற வெள்ளை இடத்தில் தம்பி நான்கு வருடமாக ஒரு படத்தை வரைந்து வைத்திருக்கிறார். அது சரியா தப்பா என்று தெரிந்த ஆள் ஒருவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. புதன்கிழமை இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். பருந்து என்ன ஆயிற்று, எலினா என்ன ஆனாள் என்றுதான் கேட்டேன்.

7

சனிக்கிழமை காலை மறுபடி அமராவதிபுதூர். வீடு எதிரொலித்தது. ஸ்டூலைக்கூட ஏற்றிவிட்டார்கள். இருபது புத்தகங்களும் ஒரு பெட்டிக்குள், இடையிடையே காய்ந்த வேப்பிலையோடு. முத்துக்கருப்பன் பெட்டியை இன்னும் ஒட்டவில்லை. மதியத்துக்கு மேல் நாச்சியாபுரம் கொண்டுபோவதாக இருந்தவர், என்னைப் பார்த்ததும் நாளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னார். அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். நான் எதையும் அறிகுறியாக எடுத்துக்கொள்கிற ஆள்தான், ஆனாலும்.

கட்டுரைப் பொய்யை முதலில் திருப்பி வாங்கிக்கொண்டேன். பிறகு கேட்டேன். சொன்னார். அதைத் தம்பியிடம் சொல்லலாமா என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் இதுவரை எழுந்திருக்கவில்லை. இப்போது ஐந்தேகால். இந்தத் தாள்களையும் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லுக்கட்டிக்குப் போகிறேன்.

வாசகர்களே, வழக்கமாக இந்த இடத்தில் முடிவை உங்களிடம் விட வேண்டும். மன்னியுங்கள், விட முடியாது. நீங்கள் இதை அச்சில் பார்க்கும்போது அந்த ஞாயிறு கடந்திருக்கும். என்ன நடந்தது என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். பிறகு தெரிந்துகொண்டாலும் இங்கே ஒரு வரி சேர்க்க மாட்டேன். இந்தக் கதையின் முடிவு உங்களில் ஒரே ஒருவருடைய கையில் இருக்கிறது, அவரும் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

கார்த்திகேய சிவம், நான் எதிரே நின்று நீங்கள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போய்விடுவேன். ஆறு பகுதிகளில் இருப்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்ததே. மதகில் எலினா என்ன செய்தாள் என்பதைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். அந்த ஏழு கட்டங்களில் நூறில் ஒரு பங்கைக்கூட என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. அது இன்னும் உங்கள் கண்ணுக்காகக் காத்திருக்கிறது. பெட்டி நாளைக் காலை வரை ஒட்டப்படாமல் இருக்கும். கல்லுக்கட்டியிலிருந்து அமராவதிபுதூருக்கு வண்டியில் அரை மணி கூட ஆகாது.

உங்களுக்குத் தெரியாத ஒரு கட்டம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை எந்த மாற்றமும் செய்யாமல் கீழே வைக்கிறேன். எதற்காக அன்றைக்கு இரண்டை எடுத்தீர்கள் என்று கேட்டேன். உங்கள் அண்ணன் டேப்பின் முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இது:

“பங்கு பிரிஞ்சப்புறம் அவன் எதுக்கு என் வீட்டுக்கு வரப்போறான்? ஒண்ணை முடிச்சா ரெண்டுக்கு இங்குட்டுத்தானே வரணும், இருபது தடவையாச்சும் வருவான்னுதான் எடுத்தேன்.”